அணை நிலவரத்தோடு மணக்கடவுக்கும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. நான் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி. ஆழியாறு பழைய ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) கொஞ்சம் நெல்லும் உண்டு. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம். காலையில் முதலில் பார்ப்பது அணை நிலவரம், அப்புறம் தேங்காய் விலை, அதற்குப் பிறகுதான் உலகச் செய்தி. கோடை வந்துவிட்டால் உங்கள் பக்கங்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது, 'கேரளாவுக்குத் தண்ணீர் தாரைவார்ப்பு, விவசாயிகள் கொதிப்பு' என்கிற மாதிரி. கொதித்த விவசாயிகளில் நானும் ஒருவன், பந்தலில் உட்கார்ந்து கோஷம் போட்டவனும்தான். ஆனாலும் அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீளும். வெட்டுவதானால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் அம்மா பிறந்த ஊர் கேரளாவில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு கிராமம். அங்கே வீட்டில் பேசுவது நம்ம தமிழ்தான், ரேஷன் கார்டு மட்டும் மலையாளத்தில் இருக்கும். அப்புச்சி வயலுக்கு மூலத்தறை வாய்க்கால் பாசனம். மூலத்தறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எங்கள் ஆழியாற்றிலிருந்து. ஆனைமலை, அம்பராம்பாளையம் தாண்டி மணக்கடவு வந்து, எல்லையைக் கடந்து, சித்தூர்ப் புழையாகி, கடைசியில் பாரதப்புழையில் சேருகிறது. ஆக அப்பா வீடு மேல்மடை, அம்மா வீடு கீழ்மடை, நடுவில் ஒரு சோதனைச் சாவடி. இந்தப் பக்கம் பெண் எடுத்து அந்தப் பக்கம் பெண் கொடுத்த குடும்பங்கள் கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் எத்தனையோ இருக்கின்றன, எண்ணி மாளாது. தண்ணீர்ச் சண்டை என்று நீங்கள் எழுதும்போது அது எங்களுக்கு மாமன் மச்சான் சண்டையாகத்தான் காதில் விழும்.

நிஜமாகவே அப்படி ஒரு சண்டை எங்கள் வீட்டில் நடந்தது. 2017 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முந்தின வருடம் மழை பொய்த்து, சிறுவாணி அணை தரை தட்டி, கோயமுத்தூரே குடிநீருக்குத் தவித்த சமயம். எங்கள் தோப்பில் மட்டைகள் தொங்கிப்போய் மரம் குடை மடக்கின மாதிரி நின்றது. அந்த மாசியில் வீட்டில் ஒரு சீர், மாமன் வந்திருந்தார். பந்தியில் ரசத்துக்கு வருவதற்குள் மாமனுக்கும் அப்பாவுக்கும் பற்றிக்கொண்டது.

"ஏனுங் மச்சான், ஆழியாத்துத் தண்ணிய அங்கயே அமுக்கிப் போட்டீங்களாட்ட இருக்குது? எங்க வாய்க்கால்ல காக்கா குளிக்கக்கூடத் தண்ணி இல்லீங்."

"நாங்க அமுக்கறமா? எங்க தென்னையெல்லாம் மண்டை சாயுது. உங்களுக்கு வருசத்துக்கு ஏழே கால் டி.எம்.சி. எண்ணிக் குடுத்தாகோணும்னு ஆபீசர் சொல்றாரு. உனக்குக் குடுத்துப்போட்டு நாங்க நாக்கை வழிச்சுக்கிறதா மாப்ள?"

மாமன் இலையை மடக்காமலே எழுந்துவிட்டார். பாயச வாளியோடு நின்ற அம்மா எந்தப் பக்கம் பேசுவாள்? ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன்.

ஒரு வாரம் கழித்து நான் வண்டியை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனேன், அவரைப் பின்னால் உட்கார வைத்து நேராக மணக்கடவுக்கு ஓட்டினேன். எழுபதை நெருங்கின மனுஷன், வாழ்நாளெல்லாம் அந்தத் தண்ணீரில் விவசாயம் பார்த்தவர், தண்ணீரை அளக்கிற இடத்தை அதுவரை பார்த்ததே இல்லை. நான் மட்டும் என்ன, எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு, பக்கத்தில் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். தடுப்பின் மேல் தண்ணீர் எத்தனை உயரத்துக்கு வழிகிறதென்று பார்த்து அட்டவணையில் தேடினால் வினாடிக்கு எத்தனை கனஅடி என்று தெரிந்துவிடும். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஊழியர் ரொம்ப நல்லவர், கோபமாக வந்த எங்களுக்கு உட்காரக் கல் காட்டினார்.

அங்கேயே உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டோம். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி. 7.25 டி.எம்.சி.யை 365 நாளுக்குச் சமமாகப் பிரித்தால் வினாடிக்கு ஏறக்குறைய 230 கனஅடி வருகிறது. மாமன் அதிர்ந்துபோனார். "இத்துனூண்டுதானா? நானு ஆயிரக்கணக்குல வரோணும்னு நெனச்சுட்டு இருந்தனே!" எனக்கும் அதிர்ச்சிதான், எதிர்ப்பக்கமாக. ஏழே கால் என்று கேட்டுக் கேட்டு அணையில் பாதியை அவர்கள் அள்ளிக்கொண்டு போவதாகவே என் மனதில் ஒரு படம் பதிந்திருந்தது. ஒரே கணக்கை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்ததும் சண்டை தீர்ந்துவிடவில்லை, ஆனால் வேறு சண்டையாகிவிட்டது. மழைக்காலத்தில் ஓடி வருவதைச் சேர்த்து வருடக் கணக்கைச் சரிக்கட்டாதே, மாசி பங்குனியில் பயிர் கேட்கும்போது கொடு என்றார் அவர். மாசி பங்குனியில் அணையிலேயே சேறுதானே இருக்கிறது, அதற்கு முன்னால் நீ ஏன் உன் குளங்களை நிரப்பி வைக்கக் கூடாது என்றேன் நான். வாதம் செய்ய முடிகிற சண்டை அது. இலையை மடக்காமல் எழுகிற சண்டை கிடையாது.

இப்போது பி.ஏ.பி. ஒப்பந்தத்துக்கு வருகிறேன், இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்குத் தமிழ்நாடும் கேரளாவும் கையெழுத்துப் போட்டது 1970 மே 29. ஆனால் அது 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். அதாவது தாலி கட்டுவதற்கு முன்னாலேயே குடித்தனம் நடத்திவிட்டார்கள். காமராஜர் முதலமைச்சர், சி.எஸ். என்கிற சி. சுப்பிரமணியம் அமைச்சர், நம்ம ஊர்ப் பெரியவர்கள் வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர், பொள்ளாச்சி மகாலிங்கம் எல்லாம் முட்டி மோதிக் கொண்டுவந்த திட்டம். மேற்கே போகிற ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மலையிலே ஆறு நதிகள், சமவெளியில் ஆழியாறும் பாலாறும், இதில் ஆனைமலையாறு தவிர மற்ற எல்லாவற்றையும் சுரங்கமும் கால்வாயும் போட்டுக் கோத்து, சர்க்கார்பதியில் கரண்ட் எடுத்து, காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி வரைக்கும் கொண்டுபோனார்கள். இன்றைக்குக் கிட்டத்தட்ட 3.77 லட்சம் ஏக்கர் திருமூர்த்தியை நம்பி நான்கு மண்டலமாக முறை வைத்துப் பாய்கிறது. பதிலுக்குக் கேரளாவுக்கு மணக்கடவில் 7.25 டி.எம்.சி., சோலையாற்றில் 12.3 டி.எம்.சி., ஜூலை முதல் ஜூன் வரை கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பதும் இயக்குவதும் நம்ம நீர்வளத்துறை. அந்த அணைக்குப் போகிற ரோடோ ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக, நம்ம மண்ணில். பாலக்காட்டுக்காரர் தன் சொந்த மாவட்டத்துக் காட்டைப் பார்க்கப் பொள்ளாச்சி வந்து டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சிறுவாணியும் அப்படித்தான். கோயமுத்தூர் குடிக்கிற தண்ணீருக்கு அணை கேரளாவில், கட்டியது அவர்கள், காசு கொடுத்தது நாம், 1973 ஒப்பந்தம். (உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் சொல்வார்கள், யார் நாக்கை நீட்டி அளந்தார்களோ. ஆனால் சுவைதான், மறுக்க மாட்டேன்.) பவானியைப் பாருங்கள், நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடிக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப நம்மிடமே வருகிறது. இந்த மலைக்கு நடுவே கோடு போட்டவர் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டுவிட்டுப் போடவில்லை.

2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர் கண் முன்னால் சாலக்குடி ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கம் ஐயோ பாசனத் தண்ணீர் போச்சே என்று வயிற்றெரிச்சல், அங்கே சாலக்குடியில் வெள்ளம் வருமோ என்று ஆற்றங்கரை ஜனங்களுக்குப் பயம். ஒரே ஷட்டர், இரண்டு பக்கமும் தூக்கமில்லை. அந்த ஷட்டரின் சங்கிலியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது எங்களுக்கு எவ்வளவு அவசியமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாலக்குடிக்காரருக்கு அவசியம், ஆனால் அவரும் நாங்களும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

உட்கார்ந்து பேசுவது என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும். யோர்தான் நதியும் அதில் வந்து சேரும் யார்முக் ஆறும் இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவில் ஓடுகின்றன. 1948-இலிருந்து அந்த இரண்டு நாடுகளும் எதிரிகள், ஒருவரையொருவர் அங்கீகரிக்கக்கூட இல்லை. ஆனாலும் 1950-களில் ஆரம்பித்து, இரண்டு பக்கத்துத் தண்ணீர் அதிகாரிகளும் ஐ.நா. துணையோடு, ஆறுகள் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். 'பிக்னிக் மேசைப் பேச்சு' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. என்ன பேசினார்கள் என்கிறீர்கள், உலக சமாதானமா? கால்வாயின் வாயில் மண் மேடிட்டுவிட்டது யார் வெட்டுவது, மணல் மூட்டையை எங்கே அடுக்குவது, இந்த வாரம் உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு. நம்ம வாய்க்கால் கரையில் இரண்டு பங்காளிகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பேசுவார்களே, அதே பேச்சு. நடுவில் 1967-இல் ஒரு யுத்தமே வந்து போனது, அதற்குப் பிறகும் அந்த வழக்கம் ஒழிந்துபோகவில்லை. 1994 அக்டோபரில் இரண்டு நாடும் சமாதான ஒப்பந்தம் போட்டபோது அதில் தண்ணீருக்குத் தனி இணைப்பே இருந்தது. குளிர்காலத்தில் யார்முக்கில் இருந்து இஸ்ரேல் கூடுதலாக 2 கோடி கன மீட்டர் எடுத்துக்கொள்ளும், கோடையில் அதே அளவை யோர்தானிலிருந்து ஜோர்டானுக்குத் திருப்பித் தரும். நம்ம கணக்கில் 0.7 டி.எம்.சி. மழைக்காலத்தில் வாங்கி வெயில் காலத்தில் திருப்பிக் கொடு! மாமன் மணக்கடவில் உட்கார்ந்து கேட்டது இதைத்தானே?

அதே 1994-இல் எக்கோபீஸ் என்று ஒரு அமைப்பும் அங்கே பிறந்தது. ஜோர்டான், பாலஸ்தீனம், இஸ்ரேல் மூன்று பக்கத்தவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். 2001 முதல் எல்லையின் இருபுறமும் எதிரெதிரே இருக்கிற ஊர்களை ஜோடி சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து ஊர்த் தலைவர்கள் வரை தங்கள் பொதுத் தண்ணீரைத் தாங்களே பார்க்கும்படி வேலை செய்தார்கள். பார்த்தால் அழுகைதான் வரும். ஒரு காலத்தில் வருடத்துக்கு 130 கோடி கன மீட்டர், அதாவது 45 டி.எம்.சி.க்கும் மேல் ஓடிய கீழ் யோர்தானில் இன்றைக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஓடுவதிலும் சாக்கடை கலந்திருக்கிறது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உறிஞ்சினதில் யாருக்கும் ஆறு இல்லாமல் போனது.

சாக்கடைக்கு வேலி தெரியாது என்பதற்கு அங்கே இன்னொரு சம்பவம். காசாவில் கரண்ட் இல்லாமல் கழிவுநீர் சுத்திகரிப்பு நின்றுபோய், சாக்கடை அப்படியே கடலில் கலந்து, அலையோடு வடக்கே போய், 2016-இல் இஸ்ரேலின் அஷ்கெலோன் கடல்நீர்க் குடிநீர் ஆலை தண்ணீர் எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரன் வீட்டு விளக்கை அணைத்தால் நம்ம குடத்தில் நாற்றம் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரத்துப்பாளையம்தான் கண்ணில் வந்தது. நொய்யல் வெள்ளிங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் தாண்டிக் கரூர்ப் பக்கம் காவிரியில் சேருகிறது. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், சில வருடத்திலேயே அது திருப்பூர்ச் சாயத்தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. கீழே இருந்தவர்கள் மலையாளத்துக்காரர்களா கன்னடத்துக்காரர்களா? நம்ம ஆட்கள், நம்ம ஜாதி சனம், ஒரே மாநிலம், ஒரே மாவட்டக்காரர்கள்கூட இருந்தார்கள். தென்னை செத்தது, கிணறு செத்தது, மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாதென்று 2006-இல் உத்தரவு வாங்கி, அதுவும் நடக்காமல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நடுவில் மாநில எல்லை இல்லாத ஆற்றிலேயே இந்தக் கதி. அதனால் மேல்மடைக்காரன் என்றால் கேரளாக்காரன், பாதிக்கப்பட்டவன் என்றால் நாம் என்கிற கணக்கு எனக்கு ஒட்டமாட்டேன் என்கிறது. ஆழியாற்றில் நாம்தான் மேல்மடை. அம்பராம்பாளையம் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள், ஆகாயத்தாமரை ஏன் அப்படிப் படர்கிறது என்று யோசியுங்கள். ஊர்ச் சாக்கடை ஊட்டம் கொடுக்காமல் அது வளராது. அந்த ஆறு அடுத்துப் போவது என் மாமன் ஊருக்கு. அங்கிருந்து ஆஸ்பத்திரிக் குப்பையை லாரியில் கொண்டுவந்து நம்ம ஓடைகளில் கொட்டிவிட்டுப் போனால் நாம் லாரியைச் சிறைபிடிக்கிறோம், சரிதான், செய்ய வேண்டியதுதான். நாம் ஆற்றில் அனுப்புகிற குப்பைக்கு லாரி நம்பர் கிடையாது, அதனால் யாரும் பிடிப்பதில்லை.

சரி, நீங்கள் கேட்கலாம், மேசை போட்டுப் பேசினதில் அங்கே சமாதானம் வந்துவிட்டதா என்று. வரவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவில் நடந்ததை எல்லாரும் பார்த்தோம். நம்ம பக்கம் சிந்து நதி ஒப்பந்தம், 1960-இல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்துப் போட்டது, மூன்று ஆறு நமக்கு, மூன்று ஆறு அவர்களுக்கு. 1965, 1971, கார்கில் என்று எல்லாச் சண்டையையும் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு அதையும் இந்தியா நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே தண்ணீர் பேசினால் யுத்தம் ஒழிந்துவிடும் என்று நான் கதை விடப் போவதில்லை. துப்பாக்கி எடுப்பவன் அளவுகோலைப் பார்த்துவிட்டு எடுப்பதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன், எல்லாம் அறுந்து போன பிறகும் கடைசி வரை அறாமல் இருந்த நூல் எது என்று பார்த்தால் பல இடத்தில் அது தண்ணீர்க் கணக்குப் புத்தகமாகவே இருந்திருக்கிறது. ஜோர்டானில் நாற்பது வருடம் தாங்கியது. சிந்துவில் அறுபது வருடத்துக்கு மேல். நம்ம ஊரில் கல்யாணமே அத்தனை வருடம் தாங்குவதில்லை.

காவிரி கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1991-இல் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டது, 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தது, ஓசூர் எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றது. எங்கள் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், காவிரியில் தண்ணீர் குறைந்தால் அவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். ஆனால் அதே காவிரியில் 2003-இல் 'காவிரிக் குடும்பம்' என்று இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் எடுத்த முயற்சி. மண்டியாக்காரர் தஞ்சாவூர் வயலையும் தஞ்சாவூர்க்காரர் மண்டியா வயலையும் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டை அவர்கள் முடித்துவைக்கவில்லை, அது கடைசியில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று ஆனது. இருந்தாலும் எதிரே இருப்பவன் வயலும் காய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் பஸ்ஸுக்குத் தீ வைக்கப் போக மாட்டான் என்று நம்புகிறேன்.

காவிரியில் கோர்ட், நடுவர் மன்றம், ஆணையம் என்று பார்த்துவிட்டோம். நமக்கு அந்தத் தலைவலி இல்லாமல் 1970-இலேயே இரண்டு அரசும் தாமாகப் பேசி முடித்துக்கொண்டன, இரண்டு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்த கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியமும் இருக்கிறது. 30 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று எழுதியிருக்கிறார்கள், 1988-இலேயே செய்திருக்க வேண்டியது. 2019 செப்டம்பரில் அப்போது நம்ம முதலமைச்சராக இருந்த எடப்பாடியார் திருவனந்தபுரம் போய்ப் பினராயி விஜயனோடு பேசி, குழு போட்டார்கள். குழு போட்டதோடு சரி. ஆனைமலையாறு நல்லாறு திட்டம் எங்கள் அப்பா காலத்திலிருந்து 'விரைவில்' வந்துகொண்டே இருக்கிறது. பொறியாளர் பேசுகிறார், அமைச்சர் பேசுகிறார், தண்ணீர் பாய்ச்சுகிறவன் மட்டும் பேசுவதில்லை. பழைய ஆயக்கட்டுச் சங்கத்தாரும் சித்தூர்ப் பாசன விவசாயிகளும் வருடத்துக்கு இரண்டு தரம், அணை நிரம்பும்போது ஒன்று, வற்றும்போது ஒன்று, மணக்கடவிலேயே ஒரு மரத்தடியில் உட்காரலாம். இதற்குக் குழு வேண்டாம், டீ செலவு நான் தருகிறேன்.

அவர்களைத் திருடன் என்று சொல்கிற வாயோடு நம்ம திருட்டையும் சொல்லிவிடுகிறேன். பி.ஏ.பி. மெயின் கால்வாயில் ராத்திரி மோட்டார் போட்டு உறிஞ்சுவது யார்? வெள்ளகோவில், காங்கேயம் கடைமடைக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தது கேரளாவை எதிர்த்தா, மேலே இருக்கிற நம்மை எதிர்த்தா? இதை எழுதினால் ஊரில் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். இன்னொன்று, கிணத்துக்கடவுத் தக்காளியும் பொள்ளாச்சி மாடும் உடுமலைக் காய்கறியும் ஓணத்துப் பூவும் எங்கே போகின்றன? பாலக்காட்டு வியாபாரி சந்தைக்கு வராத வாரத்தில் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறோம். அந்தத் தக்காளிக்குள் இருப்பதும் பரம்பிக்குளத்துத் தண்ணீர்தானே. அவர்கள் மலையில் பெய்தது நம்ம காட்டில் காயாகி அவர்கள் சட்டிக்கே திரும்பிப் போகிறது. தாரைவார்ப்பு என்றால் யார் யாருக்கு வார்த்தது?

இப்போது கோரிக்கை. நீங்கள் தினமும் போடுகிற அணை நிலவரத்தில் பரம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி எல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி போடுங்கள்: மணக்கடவில் நேற்று ஓடியது இத்தனை கனஅடி, ஜூலை 1 முதல் இதுவரை இத்தனை டி.எம்.சி. அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மலையாளப் பத்திரிகைகளிலும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களையும் அதே எண்ணைப் போடச் சொல்லுங்கள். அந்தத் தலைப்பு வருகிற அன்றைக்கு மட்டும் உங்கள் நிருபர் சித்தூரில் ஒரு விவசாயிக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதட்டும், நம்பர் இல்லையென்றால் நான் வாங்கித் தருகிறேன். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், ராசிபலனுக்கு அரைப் பக்கம் போடுகிறீர்கள், மேஷத்துக்குக் கொஞ்சம் நல்ல நேரத்தைக் குறைத்தால் இந்த வரி வந்துவிடும்.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. காரியத்துக்கு வந்த மாமன் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார். இப்போதெல்லாம் அவருக்குப் பஸ் ஏற முடிவதில்லை, காலையில் ஏழு மணிக்குப் போன் வந்துவிடும். "மாப்ள, ஆழியாறு எத்தன அடி?" என்பார். உங்கள் பத்திரிகையைப் பார்த்துப் படிப்பேன். "பரம்பிக்குளம்?" படிப்பேன். அப்புறம் கேட்பார், "மணக்கடவுல எத்தன ஓடுது?" அந்தக் கேள்விக்கு மட்டும், "பேப்பர்ல அது போடறதில்லீங் மாமா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
ஆனைமலை.